சிப்பிக்கும் உண்டு ஒரு விதைப்புக் காலம்

கரட் பயிரிட்ட எவருக்கும் ஒரு விடயம் தெரியும். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் கரட் கிழங்கு நன்றாகவே விளைகிறது. ஆனால் அந்தப் பாத்தியிலிருந்து அடுத்த வருடத்துக்கு விதை எடுக்க முடிவதில்லை. விதை பேணியில் அடைபட்டு வெளியிலிருந்து வரவேண்டியிருக்கிறது. கரட் பூப்பதற்குச் சில கிழமைகள் குளிர் வேண்டும். எமது தாழ்நிலத்தில் அந்தக் குளிர் கிடைப்பதில்லை. கிழங்கு வைப்பதற்கு ஒரு வெப்பநிலை, விதை தருவதற்கு வேறொரு வெப்பநிலை என்பது இதிலிருந்து விளங்கும்.

கடலிலும் இதுவே நடக்கிறது. சிப்பி, மட்டி, சங்கு, ஊரி, கணவாய் ஆகியவற்றை மெல்லுடலிகள் என்று ஒரே கூட்டமாகச் சொல்வார்கள். இவற்றுக்கும் வளர ஒரு சூடு, முட்டையிட ஒரு சூடு உண்டு. அந்தச் சூட்டை இவை எப்படி அறிகின்றன? அறிந்தபின் உடலுக்குள் என்ன நடக்கிறது? சூடு பிழைத்தால் என்ன நேர்கிறது? இவற்றை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

கமக்காரருக்கு எதற்குக் கடற்கதை என்று சிலர் கேட்கலாம். எமது வாசகர்களில் பலர் வயலையும் தோட்டத்தையும் விட்டு வந்தவர்கள். அவர்களில் சிலர் இன்று கடலோரத்திலும் களப்போரத்திலும் குடியிருக்கிறார்கள். வற்று நேரத்தில் மட்டி பொறுக்குவது சில வீடுகளில் கறிக்கு வழி. சிப்பி வளர்ப்பு ஒரு வாழ்வாதாரம் என்ற பேச்சும் இப்போது காதில் விழுகிறது. எந்தப் பயிரில் கைவைத்தாலும் அதன் விதை எங்கிருந்து வருகிறது என்று முதலில் கேட்பது கமக்காரரின் வழக்கம். கடற்பயிருக்கும் அந்தக் கேள்வியைக் கேட்கவேண்டும்.

ஒல்லாந்தில் நடந்தது

ஒல்லாந்து நாட்டின் தென்மேற்கில் ஊஸ்டர்ஸ்கெல்ட என்ற கடல் உள்வாய் ஒன்று இருக்கிறது. பரம்பரையாக அங்கே சிப்பி வளர்த்து வந்தார்கள். 1962-63 மாரியில் கடுங்குளிர் அடித்தது. நாட்டுச் சிப்பிகள் பெருந்தொகையாக அழிந்தன. வளர்ப்போரின் பிழைப்பு நின்றுபோனது. 1964இல் அவர்கள் பசுபிக் சிப்பி என்ற வேறோர் இனத்தைக் கொண்டுவந்தார்கள். அதன் பூர்வீகம் யப்பான் பக்கம்.

"இது எமது கடலில் வளரும். ஆனால் இந்தக் குளிரில் முட்டையிட்டுப் பெருகாது" என்பதே அப்போதைய நம்பிக்கை. நாம் கரட்டைப் பற்றிச் சொல்வதை அவர்கள் சிப்பியைப் பற்றிச் சொன்னார்கள். அந்த எண்ணத்துக்குக் காரணமும் இருந்தது. பசுபிக் சிப்பி முட்டைவிட நீர் ஏறக்குறைய 18 முதல் 20 பாகை செல்சியஸ் வரை சூடாகவேண்டும். அந்தச் சூடு போதிய நாள் நீடிக்கவும் வேண்டும். ஒல்லாந்துக் கடலில் அது அரிது.

அரிது என்றால் இல்லை என்று ஆகாது. 1975ஆம் ஆண்டுக் கோடை சூடாக இருந்தது. யாரும் விதைக்காத இடங்களில் சிப்பிக் குஞ்சுகள் ஒட்டியிருக்கக் கண்டார்கள். 1976இல் அதைவிடப் பெரிய அளவில் ஒட்டின. பின்னர் அவை வடக்கே வாடன் கடல் வரையும் பரவின. இன்று அங்கே பல இடங்களில் சிப்பிகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, கத்திபோல் கூரான திட்டுகளாகக் கிடக்கின்றன. வெறுங்காலுடன் நடக்க முடியாது. உண்பதற்காக வளர்க்கும் மற்றச் சிப்பிகளுக்குரிய உணவிலும் அவை பங்கு கேட்கின்றன.

விதைக்காத வயலில் ஒரு வருடம் தானாகப் பயிர் முளைத்து, மறு வருடம் அயல் வயல்களையும் மூடியது போன்ற கதை இது. இடையில் சிப்பி மாறவில்லை. கடலின் சூட்டில் ஏற்பட்ட சில பாகை வித்தியாசமே இத்தனையும் செய்தது.

உடலுக்குள் செய்தி போகும் வழி

சூடு வெளியில் இருக்கிறது. முட்டை உள்ளே இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் செய்தி கொண்டு செல்வது யார்?

பசு வளர்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. பசு இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை வேட்கைக்கு வருகிறது. யாரும் அதற்கு நாள் குறித்துக் கொடுப்பதில்லை. அதன் மூளைக்குக் கீழே கபச்சுரப்பி என்று ஒன்று உண்டு. அதிலிருந்து மிகச் சிறிய அளவு இரசாயனப் பொருள் இரத்தத்தில் கலந்து சூலகத்துக்குப் போகிறது. "நேரம் வந்துவிட்டது" என்ற செய்தியை அது கொண்டு போகிறது. இப்படிச் செய்தி சுமக்கும் பொருளை ஓமோன் என்கிறோம்.

சிப்பிக்குக் கபச்சுரப்பி இல்லை. பசுவுக்கு இருப்பது போன்ற மூளையும் இல்லை. நரம்புக் கலங்கள் திரண்ட சில முடிச்சுகளே இருக்கின்றன. இவற்றை நரம்புத் திரட்டு என்பார்கள். இந்தத் திரட்டுகளில் உள்ள சில கலங்கள் இரண்டு வேலை பார்க்கின்றன. நரம்பாகவும் இருந்து செய்தியை உணர்கின்றன, சுரப்பியாகவும் இருந்து ஓமோனை விடுகின்றன. ஒரே ஆள் தபாற்காரராகவும் உப தபாலதிபராகவும் இருப்பது போல.

இதை மிகத் தெளிவாகக் காட்டியது கடல் முயல் என்ற பிராணி. பெயர்தான் முயல், உண்மையில் அது வெளியே ஓடு இல்லாத ஒரு மெல்லுடலி. கலிபோர்னியாக் கரையில் வாழ்கிறது. அதன் வயிற்றுப் பக்க நரம்புத் திரட்டின் இரு புறமும் இரண்டு கொத்துக் கலங்கள் உண்டு. ஒவ்வொரு கொத்திலும் ஏறக்குறைய 400 கலங்கள். 1967இல் இர்விங் குப்பர்மன் என்ற விஞ்ஞானி அந்தக் கலங்களின் சாற்றை எடுத்து வேறொரு கடல் முயலுக்கு ஏற்றினார். சிறிது நேரத்தில் அது முட்டையிட்டது. அந்தச் சாற்றில் இருந்த ஓமோன், 36 அமினோ அமிலங்கள் கோர்த்த ஒரு சிறு சங்கிலி என்று பின்னர் தெரியவந்தது. அந்தக் கலங்கள் ஒருமுறை தூண்டப்பட்டால் ஏறக்குறைய அரை மணி நேரம் ஒன்றாகத் துடித்து ஓமோனை விடுகின்றன. அதன்பின் பிராணி இலட்சக்கணக்கான முட்டைகளை நூல்போல இழுத்து இடுகிறது.

இங்கேதான் சூடு வருகிறது. கடல் முயல் குளிர்காலத்தில் குறைவாகவும் நீர் சூடாகும் காலத்தில் கூடுதலாகவும் முட்டையிடுகிறது. ஆய்வுகூடத் தொட்டியிலும் இளஞ்சூடான நீரில் வைத்தவை, குளிர்ந்த நீரில் வைத்தவற்றைவிடக் கூடுதலாக முட்டையிட்டன. நீரின் சூடு நரம்புத் திரட்டின் வேலையை மாற்றுகிறது. நரம்புத் திரட்டு முட்டையிடுவதை மாற்றுகிறது.

இரட்டை ஓட்டுச் சிப்பிகளில் வேறொரு பொருள் முக்கியமானது. அதன் பெயர் செரட்டோனின். மனிதரின் மூளையிலும் இருப்பதுதான். 1982இல் யப்பானில் மற்சுத்தானி, நொமுரா என்ற இருவர் விசிறிச் சிப்பிக்குச் செரட்டோனினை ஊசியால் ஏற்றிப் பார்த்தார்கள். சிப்பி முட்டையையும் விந்தையும் நீரில் விட்டது. அந்தப் பொருளைக் கொண்ட நரம்பு இழைகள் இனப்பெருக்க உறுப்பு வரை செல்வதும் பின்னர் காணப்பட்டது. டோப்பமின் என்ற இன்னொரு பொருள் இதற்கு எதிராக வேலை செய்து முட்டை வெளியேறுவதைத் தடுக்கிறது. ஒன்று கதவைத் திறக்கிறது, மற்றது பிடித்துக்கொள்கிறது. நீரின் சூடு சட்டென்று ஏறும்போது திறக்கும் பக்கம் வலுக்கிறது.

சூடு செய்யும் இரண்டு வேலைகள்

இதுவரை சொன்னதில் ஒரு நுட்பம் மறைந்திருக்கிறது. சூடு ஒரு வேலை அல்ல, இரண்டு வேலை செய்கிறது.

முதல் வேலை, முற்ற வைப்பது. நெல் விதைத்த நாளிலிருந்து கதிர் முற்றும்வரை நாள் எண்ணுகிறோம். சிப்பி நாளை எண்ணுவதில்லை, சூட்டை எண்ணுகிறது. ஒவ்வொரு நாளும் கிடைக்கும் சூடு ஒரு கணக்கில் சேர்ந்துகொண்டே வருகிறது. கணக்கு நிறையும்போது உள்ளே முட்டை முற்றியிருக்கும். நீர் சூடாக இருந்தால் கணக்கு விரைவில் நிறையும், குளிராக இருந்தால் தாமதிக்கும். மிகக் குளிரானால் கணக்கு நின்றுவிடும். இதற்கு உணவும் வேண்டும். பசளை இல்லாத நெல் வெயில் மட்டும் கண்டு கதிர் தள்ளாது. அதேபோல நீரில் நுண்பாசி இல்லாத இடத்துச் சிப்பி சூட்டினால் மட்டும் நிறையாது.

இரண்டாவது வேலை, வெளியே விட வைப்பது. முற்றிய சிப்பி உடனே முட்டையை விடுவதில்லை. ஒரு சாட்டுக்காகக் காத்திருக்கிறது. நீர் திடீரென்று சில பாகை சூடாவது ஒரு சாட்டு. முற்றாத சிப்பியை எவ்வளவு சூடாக்கினாலும் அது முட்டை விடாது. சாவி கொடுக்காத மணிக்கூட்டைத் தட்டிப் பயனில்லை.

இந்த இரண்டு வேலைகளையும் பிரித்து அறிந்ததால்தான் சிப்பிக் குஞ்சு வளர்க்கும் நிலையங்கள் உருவாயின. அமெரிக்காவின் மில்போர்ட் என்ற ஊரில் இருந்த ஆய்வுகூடத்தில் விக்டர் லூசனோவும் அவருடன் வேலை செய்தவர்களும் இதை 1940களிலும் 1950களிலும் படிப்படியாகச் செய்துகாட்டினார்கள். உறைகின்ற மாரியில், குளிர்ந்த கடலிலிருந்து சிப்பிகளை எடுத்துவந்து சூடாக்கிய நீரில் சில கிழமை வைத்தார்கள். வெளியே பனி இருக்கும்போதே அவை உள்ளே முற்றின. பின்னர் நீரின் சூட்டைச் சட்டென்று ஏற்றி, சிறிது விந்தையும் நீரில் கலந்தார்கள். சிப்பிகள் முட்டைவிட்டன. கடல் ஒருமுறை தரும் விதையை இப்படி வேண்டிய மாதத்தில் எடுக்க முடிந்தது.

விந்தைக் கலந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சிப்பி தனியாக விதைப்பதில்லை. ஒரு சிப்பி விட்டதும் அந்த மணம் நீரில் பரவி அயற்சிப்பிகளையும் தூண்டுகிறது. அவையும் விடுகின்றன. சிறிது நேரத்தில் அந்தப் பகுதி நீரே பால்போல மாறும். முட்டையும் விந்தும் சந்திப்பது திறந்த நீரில். ஆகவே எல்லாம் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நடந்தால்தான் கரு உண்டாகும். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் சிப்பிகள் எவ்வளவு முற்றினாலும் விதை வீணாகும்.

மன்னார்ப் பாரும் யப்பான் குடாவும்

எமக்குப் பக்கத்திலுள்ள மன்னார்க் கடலுக்கு வருவோம். முத்துச்சிப்பி படியும் கடலடி மேடுகளைப் பார் என்று எமது மக்கள் அழைத்தார்கள். செவல்பார், மோதரகம்பார், பெரியபார் என்று அவற்றுக்குப் பெயர்கள் இருந்தன. 1891க்குப் பின் பத்து வருடங்களுக்கு மேல் அந்தப் பார்களில் குளிக்கச் சிப்பி இல்லை. காரணம் அறிய வில்லியம் ஹேர்ட்மன் என்ற விஞ்ஞானி 1902இல் இலங்கைக்கு வந்தார். அவருக்குத் துணையாக வந்த ஜேம்ஸ் ஹோர்னெல் தொடர்ந்து இங்கே தங்கி வேலை செய்தார்.

அவர்கள் கண்டவற்றுள் ஒன்று எமது தலைப்புக்கு உரியது. முத்துச்சிப்பி மன்னார்க் கடலில் வருடத்தில் இரண்டு தடவை கூடுதலாக முட்டைவிடுகிறது. ஒன்று தென்மேல் பருவக்காற்றை ஒட்டியது, மற்றது வடகீழ்ப் பருவக்காற்றை ஒட்டியது. எமக்குச் சிறுபோகம், காலபோகம் என்று இரண்டு போகம் இருப்பது போல முத்துச்சிப்பிக்கும் இரண்டு போகம்.

இதே இனச் சிப்பி யப்பானிலும் இருக்கிறது. அங்கே அதை அக்கோயா என்பார்கள். யப்பானில் மாரிக்கும் கோடைக்கும் இடையில் கடல்நீரின் சூட்டில் பெரிய இடைவெளி உண்டு. குளிரில் சிப்பி உறங்கியதுபோல் கிடந்து, கோடை வந்ததும் முற்றி முட்டைவிடுகிறது. அங்கே ஒரு போகந்தான். மன்னார்க் கடல் வருடம் முழுவதும் சூடு. ஏற்ற இறக்கம் சில பாகை மட்டுமே. இங்கே சூட்டுடன் காற்றும் நீரோட்டமும் மழையால் உப்பு குறைவதும் சேர்ந்தே சாட்டாகின்றன. இந்தியக் கிழக்குக் கரையின் கழிமுகங்களில் வாழும் உண்ணும் சிப்பிகளில் உப்பின் ஏற்ற இறக்கம் மிக முக்கியமானதாகக் காணப்பட்டது. ஆகவே குளிர்நாட்டுப் புத்தகத்தில் உள்ள மாதக் கணக்கை எமது களப்புக்கு அப்படியே எடுக்க முடியாது.

விதை கிடைத்தால் மட்டும் போதாது என்பதற்கும் மன்னாரே சாட்சி. பெரியபாரில் சிப்பிக் குஞ்சுகள் அள்ள அள்ளக் குறையாமல் படிந்தன. அதைத் தாய்ப்பார் என்றே மக்கள் சொன்னார்கள். ஆனால் காற்றும் நீரோட்டமும் மணலைப் புரட்டி அந்தக் குஞ்சுகளை மீண்டும் மீண்டும் அழித்தன. அவை குளிக்கும் வயதுக்கு வருவது அரிது. மற்றப் பார்களில் தப்பியவை வளர்ந்தபோது, 1905இல் ஒரே பருவத்தில் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் அள்ளப்பட்டன. சில வருடங்களிலேயே பார்கள் மறுபடியும் வெறுமையாகின.

முத்து வளர்ப்போருக்கு இந்த அறிவு தினசரி வேலை. சிப்பியின் இனப்பெருக்க உறுப்பினுள்தான் முத்துக்கான கருமணியை வைக்கிறார்கள். அந்த நேரத்தில் உள்ளே முட்டை நிறைந்திருந்தால் வேலை கெடும், சிப்பியும் தாங்காது. அதனால் யப்பானில் சிப்பிகளைக் கூடையில் நெருக்கமாக அடைத்து, நீரோட்டத்தைக் குறைத்து முற்றாமல் தடுப்பார்கள். அல்லது மேல்மட்டத்துச் சூடான நீருக்குத் தூக்கி முட்டையை முன்கூட்டியே விடச் செய்வார்கள். எமக்கு அக்கரையில் உள்ள தூத்துக்குடியில் இந்திய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1973இல் வளர்ப்பு முத்தை உருவாக்கினார்கள். 1981இல் அதே சிப்பியின் குஞ்சை ஆய்வுகூடத்திலேயே பொரிக்க வைத்தார்கள். முட்டை ஒரு மில்லிமீற்றரில் இருபதில் ஒரு பங்கு அளவுதான். அதிலிருந்து வரும் குடம்பி மூன்று, நான்கு கிழமை நீரில் நீந்தித் திரிந்த பின்னரே எங்காவது ஒட்டிச் சிப்பியாகிறது.

சூடு கூடினால் நல்லதா?

சூடு விதையைத் தருகிறது என்றால், கடல் சூடாகச் சூடாக விதை பெருகும் என்று நினைக்கலாம். அப்படி அல்ல.

முட்டை உருவாக்குவது சிப்பிக்குப் பெருஞ்செலவு. சேமித்த சத்தையெல்லாம் அதில் கொட்டுகிறது. நீர் மிகச் சூடானால் உயிரைக் காப்பதற்கே கூடிய சத்து வேண்டும். சூடான நீரில் ஒட்சிசனும் குறைவு. நிறைமாதச் சிப்பி அந்தச் சுமையைத் தாங்காது. யப்பான், அமெரிக்கா, பிரான்சு ஆகிய நாடுகளில் கோடையில் முட்டை முற்றிய பசுபிக் சிப்பிகள் கூட்டமாகச் சாவது பல தடவை நடந்திருக்கிறது. நோய்க் கிருமிகளும் அந்த நேரம் பார்த்துத் தாக்குகின்றன.

இன்னொரு ஆபத்து, காலம் பிசகுவது. குடம்பி உண்பதற்கு நுண்பாசி வேண்டும். தாய்ச்சிப்பி சூட்டை எண்ணுகிறது. நுண்பாசியோ வெயிலையும் மழையுடன் வரும் சத்தையும் பார்த்துப் பெருகுகிறது. சூடு முந்தி, மழை பிந்தினால் விதை விழும் நாளில் உணவு இராது. மழை பிந்திய வருடத்தில் புழுதி விதைப்பு என்ன ஆகும் என்று எமது வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

எமது கடலும் சூடாகி வருகிறது. 1998இல் இலங்கையைச் சூழ்ந்த கடலிலும், 2016இல் மன்னார் வளைகுடாவிலும் பவளப்பாறைகள் சூட்டினால் வெளிறின. பவளத்தைத் தாக்கிய அந்த நீரில்தான் சிப்பியும் சங்கும் மட்டியும் இருந்தன.

எமது கையில் உள்ளது

கடலின் சூட்டை எம்மால் மாற்ற முடியாது. கவனிக்க முடியும்.

மட்டியோ சிப்பியோ சமைக்கத் திறக்கும்போது சதையைப் பாருங்கள். வெண்ணெய்போலத் தடித்து, அழுத்தினால் பால் வந்தால் அது முற்றியிருக்கிறது. தண்ணீராக, மெலிந்து, உள்ளே தெரியும்படி இருந்தால் அது முட்டைவிட்டு முடிந்தது. எந்த மாதத்தில், எந்த மழைக்குப் பின் இப்படி இருந்தது என்று ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். இரண்டு வருடம் எழுதினால் உங்கள் களப்பின் விதைப்புக் காலம் உங்கள் கையில் இருக்கும். மாதர் சங்கம் ஒன்றாகச் சேர்ந்து செய்யக்கூடிய வேலை இது. ஒரு வெப்பமானியும் இருந்தால் மேலும் நல்லது.

சிப்பி வளர்க்கலாம் என்று யாராவது வந்தால் சில கேள்விகளைக் கேளுங்கள். குஞ்சு எங்கிருந்து வரும்? அந்த இனம் எமது நீரில் முன்பே இருப்பதா, புதியதா? ஒல்லாந்தில் நடந்தது இங்கே நடக்காது என்பதற்கு என்ன உறுதி? மழைவெள்ளம் களப்பில் இறங்கும் மாதத்தில் சிப்பியை என்ன செய்வது? கடுஞ்சூட்டில் செத்தால் நட்டம் யாருக்கு? பதில் கிடைத்த பின்னரே கடன் பத்திரத்தில் கையெழுத்திடலாம்.

கடைசியாக ஒன்று. சிப்பி மிகக் கொழுத்து, மிகச் சுவையாக இருப்பது முட்டைவிடுவதற்கு முந்திய நாட்களில்தான். அந்தச் சுவை அதன் விதையின் சுவை. அந்த நாட்களில் கரையை வழித்து அள்ளுவது விதைநெல்லைக் குற்றிச் சமைப்பதற்குச் சமம். விதைநெல்லைக் குற்ற நேர்ந்த வீடுகள் எம்மிடையே உண்டு. அதைச் செய்தவர்களை நாம் ஒருபோதும் குறைசொல்ல மாட்டோம். பசி முதலில் வருகிறது. ஆனாலும் அந்த வீடுகளிற்கூட ஒரு கைப்பிடியைத் துணியில் முடிந்து எடுத்துவந்தவர்கள் இருக்கிறார்கள்.

கடலிலும் அப்படியே ஒரு முடிச்சு வைப்போம். தாய்ச்சிப்பிகள் நெருங்கி இருக்கும் ஒரு திட்டைத் தெரிந்து, ஊர் கூடி எல்லை குறித்து, அந்த மாதங்களில் தொடாமல் விடுவோம். நீர் சூடேறும் ஒரு நாளில் அந்தத் திட்டு ஒன்றாக விதைக்கும். நீரோட்டம் அந்த விதையைச் சுற்றியுள்ள கரைகளுக்குக் கொண்டு போகும்.